மனந்திரும்பின மாவு

காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகட்டிக்க தாயி. சீட்டுக்கு அடியில பை இருக்கு, பைக்குள்ள பாட்டில் இருக்கு. இல்ல, ஊறுகா இல்ல. ஊறுகான்னா நான் ஏன் பதறப் போறேன், மேல தூக்கிப் போட்டுட்டு நிம்மதியா தூங்கியிருப்பேன். உள்ள இருக்கிறது மாவு. புளிச்ச மாவு. சிரிக்காத. கொடைக்கானல்ல இருந்து ஒருத்தி புளிச்ச மாவைத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறுறாளேன்னுதான பாக்கிற? எனக்கே சிரிப்பாத்தான் இருக்கு.

நீ மதுரைக்கா? நல்லதாப் போச்சு. கொடைரோடு ஸ்டேஷன் வந்தா எனக்கு ஒரு குரல் குடு, கண்ணு கொஞ்சம் மங்கல். அங்க ஒரு வெள்ளைக்காரி மெட்ராஸ் வண்டிக்குக் காத்துக்கிட்டு இருப்பா. வண்டி வர்றதுக்குள்ள இதை அவ கையில குடுத்துறணும். விட்டா போச்சு. ஊருக்கே போறா, இனிமே வர மாட்டாளாம், விசா குடுக்க மாட்டேன்னுட்டானாம். போனா போகட்டும், எனக்கென்ன. குடுக்க வேண்டியதைக் குடுத்துட்டு அடுத்த பஸ்ல மேல ஏறிருவேன். மன்னிப்பு கின்னிப்பெல்லாம் கேக்கப் போறதில்ல. அதை உங்கிட்ட இப்பவே சொல்லிர்றேன்.

எம் பேரு பிரகாசி. பதுவை பேக்கரின்னு ஏரிக்கு மேல ஒரு கடை, போர்டுல எழுத்து அழிஞ்சுபோயிருக்கும், வாசத்தை வச்சுக் கண்டுபிடிச்சுக்கணும். எங்க வீட்டுக்காரரு கட்டுன விறகு அடுப்பு. அவரு போய்ச் சேந்துட்டாரு, அடுப்பு இருக்கு. செவ்வாக்கிழமை அந்தோணியார் கோயில்ல ஏழைக்குக் குடுக்கிற பன்னெல்லாம் நம்ம கடை பன்னுதான். ஒரே மகன், துபாய்ல இருக்கான். போன் போட்டு ‘சாப்டியாம்மா’ம்பான். நான் என்ன சாப்பிட்டேன்னு சொல்றதுக்குள்ள வச்சிருவான்.

இந்த வெள்ளைக்காரி வந்து நாலு வருஷம் இருக்கும். மோர்வென்னாவாம் பேரு. நம்ம வாயில நுழையுமா? மோரம்மான்னு ஆக்கிட்டோம். என் வயசுதான், தலை பஞ்சா நரைச்சிருக்கும், ஆனா மலை ஏறுனா ஆடு தோத்துப்போகும். மேல பேரிக்காத் தோட்டத்துல ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தா. அந்த வீட்ல அடுப்பு சரியில்லன்னு சனிக்கிழமை சனிக்கிழமை எங்கடைக்கு ரொட்டி சுட வருவா. வந்தா போக மாட்டா. மைதா மூட்டை மேல உக்காந்துக்கிட்டு ஊர் நாயம் பேசுவா. தமிழ் எங்கிட்டத்தான் படிச்சா. நல்ல தமிழும் படிச்சா, கெட்ட தமிழும் படிச்சா. கெட்டதைத்தான் உச்சரிப்பு சுத்தமா சொல்லுவா.

அவ சுடுற ரொட்டிய நீ பாக்கணுமே. ஈஸ்ட் போட மாட்டா. ஒரு பாட்டில்ல புளிச்ச மாவு வச்சிருப்பா, அதுல ஒரு கரண்டி எடுத்துப் பிசைஞ்சு, ஒரு பகல் பூரா காத்துக்கிட்டு கிடந்து, அப்புறம் சுடுவா. மேல்தோலு செருப்புத் தோலாட்டம் இருக்கும், உள்ள பொத்தல் பொத்தலா இருக்கும். ‘இதைத் தின்ன பல்லு வேணாம்மா, உளி வேணும்’பேன். சிரிப்பா. அதுல ரோஸ்மேரி, தைம்னு தோட்டத்துல கிடக்கிற தழையெல்லாம் கிள்ளிப் போடுவா. ரோஸ்மேரி போட்ட ரொட்டி எனக்குத் தலைக்கு எண்ணெய் தேச்சுக்கிட்டுத் தின்ன மாதிரிதான் இருக்கும். நான் பாட்டுக்கு ஒரு தடவை கற்பூரவல்லிய நறுக்கிப் போட்டேன், அன்னைலேர்ந்து அதுவும் சேந்துக்கிச்சு. சளிக்கு நல்லது.

அப்புறம் ஒரு பிரம்புக் கூடை. பிசைஞ்ச மாவை அதுக்குள்ள போட்டுத்தான் உப்ப வைப்பா. நாலு வருஷமா அந்தக் கூடைய அவ கழுவி நான் பாத்ததில்ல. கழுவக் கூடாதாம். பிரம்பு இடுக்கெல்லாம் மாவு காஞ்சு பொருக்குப் பொருக்கா ஒட்டிக்கிட்டு இருக்கும். எங்கடைச் சுவத்துல ஆணியில மாட்டிட்டுப் போயிருவா. கரப்பான் வரும், எறும்பு வரும்னு நான் கத்திக்கிட்டே இருப்பேன். ‘சரிக்கா’ம்பா. அப்படியே மாட்டிட்டுப் போயிருவா.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கலாம். அவ அஞ்ஞானி தாயி.

நீ எந்தக் கோயிலு? சரி, எதுவா இருந்தா என்ன. எங்க கோயில்ல அந்தக் காலத்துல வேற சாமி கும்பிடுறவங்களை அஞ்ஞானிம்போம். இப்ப ஃபாதர் அப்படிச் சொல்லக் கூடாதுன்னுட்டாரு. எங்காத்தா காலத்துச் சொல்லு, நாக்குல ஒட்டிக்கிச்சு. இவ என்னடான்னா ஞாயித்துக்கிழமை எந்தக் கோயிலுக்கும் போகல. வெள்ளைக்காரின்னா வேதக்காரியாத்தான இருப்பான்னு கேட்டுப்பாத்தேன். ‘இல்லக்கா, நாங்க சூரியனைக் கும்பிடுவோம், மழைய, மரத்தை, விளைச்சலைக் கும்பிடுவோம்’னா. ‘அப்ப நீ அஞ்ஞானியா’ன்னேன். அர்த்தம் சொல்லச் சொன்னா. சொன்னேன். ‘ஆமாக்கா, அதேதான்’னு அவ்வளவு சந்தோஷமா தலைய ஆட்டுறா. வேற யாரையாச்சும் இப்படிச் சொல்லிப்பாரு, சட்டையப் பிடிச்சிருவாங்க. இவளை என்ன பண்றது?

அந்தக் கூட்டத்துக்கு ஆகஸ்டு மாசம் பொறக்குறப்ப ஒரு அறுப்புத் திருவிழா. பெங்களூர்ல இருந்து கம்ப்யூட்டர் பிள்ளைங்க, அங்கங்க இருந்து நாலஞ்சு வெள்ளைக்காரங்க, எல்லாம் தலையில தழைய வச்சுக்கிட்டு வந்துருவாங்க. இதுல ஒருத்தராவது ஒரு கீரைப் பாத்தி போட்டிருப்பாங்களா? கிடையாது. கோதுமை மாவு மளிகைக் கடையில வாங்குறது. விதைக்காதவன் வீட்ல அறுப்பு விழா. ‘அப்ப நான் பொம்மையக் கடையில வாங்கிட்டுப் பிரசவம் ஆயிருச்சுன்னு சொல்லிக்கவா’ன்னு கேட்டேன். அதுக்கும் சிரிக்கிறா.

விழாவுல முக்கியம் ரொட்டிதான். மாவுல ஒரு மனுஷனைப் பண்ணுவாங்க. தலைக்கு ரோஸ்மேரி, தாடிக்குத் தைம். அவன்தான் விளைச்சல் சாமியாம். அவனைச் சுட்டு, சுத்தி நின்னு பாடி, பிச்சுத் தின்னுருவாங்க. அவன் செத்தாத்தான் எல்லாருக்கும் சோறாம். முதல் வருஷம் இதைக் கேட்டதும், ‘சாமியவே பிச்சுத் திங்கிறதா, இது தெய்வத்துக்கு அடுக்குமா’ன்னேன். மூட்டை மேல உக்காந்தபடி நிதானமா கேக்குறா: ‘அக்கா, நீங்க ஞாயித்துக்கிழமை கோயில்ல என்ன திங்கிறீங்க?’

அது வேற. எப்படி வேறன்னு கேக்காத. ஆனா வேறதான்.

இப்ப என்ன, பஸ்ஸு நிக்குது? லாரி குறுக்க நிக்குதா. இந்த வளைவுல தினம் ஒருத்தன் வந்து நிப்பான். டிரைவர் தம்பி, ஆரன் அடிப்பா, சும்மா பாத்துக்கிட்டு இருக்கியே. வண்டிக்கு நேரமாகுது. சரி, அவன் கேக்கப் போறதில்ல. நீ கேளு.

போன ஆடி மாசம், விழாவுக்கு முந்தி, விசா விஷயமா மெட்ராஸ் போகணும்னு கிளம்புனா. கிளம்புற அன்னைக்கு அந்தப் பாட்டிலைத் துணியில சுத்தி, கைப்பிள்ளையக் கொண்டாற மாதிரி கொண்டாந்தா. அன்னைக்குத்தான் சொல்றா. இவ பொறந்த வருஷம் இவ அம்மா கரைச்சு வச்ச மாவாம் அது. எடுக்க எடுக்க மாவும் தண்ணியும் போட்டுப் போட்டு, அம்பது அறுவது வருஷமா உயிரோட வச்சிருக்காங்க. அந்தம்மா சாகக் கிடக்கையிலகூட ‘அதுக்கு மாவு போட்டியா’ன்னுதான் கேட்டுச்சாம். அதுதான் கடைசிப் பேச்சாம். இவ அந்தப் பாட்டிலுக்கு வச்சிருக்கிற பேரே அம்மாதான். ‘அக்கா, தினம் ஒரு கை மாவு, கொஞ்சம் தண்ணி. வேற ஒண்ணும் வேணாம். உங்களைத் தவிர யாருகிட்டயும் குடுக்க மாட்டேன்’னா. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு, இல்லேங்கல.

அடுப்புக்குப் பக்கத்துல கதகதன்னு இருக்கும்னு சாமி அலமாரியில வச்சேன். திருஇருதய ஆண்டவர் படம், பக்கத்துல அந்தோணியார் சுரூபம், அதுக்குப் பக்கத்துல இது. சொன்னபடி மாவு போட்டேன், தண்ணி விட்டேன். ஒரு காலையில எந்திரிச்சுப் பாத்தா, மூடியத் தள்ளிட்டு வெளிய வந்திருக்கு. பாட்டில் ஓரமா வழிஞ்சு, அலமாரியில ஊர்ந்து, நேரா அந்தோணியார் காலடிக்குப் போயிருச்சு. போயி, பாதத்தைப் பிடிச்சிருக்கு. முட்டை முட்டையாக் குமிழ் கிளப்பி மூச்சு விடுது. அஞ்ஞானி வீட்டு மாவு, அதுக்கு அம்மான்னு செத்தவ பேரு, அது அந்தோணியாரைத் தேடிப் போகுதுன்னா நீ என்ன நினைப்ப?

வேளாங்கண்ணியில மந்திரிச்ச உப்பு ஒரு பொட்டலம் வீட்ல எப்பவும் இருக்கும். ஒரு கை அள்ளி, பிதா சுதன் சொல்லி உள்ள போட்டேன். மத்தியானமும் லேசா முனகுச்சு. பொட்டலத்தையே கவுத்துட்டேன்.

அடங்கிருச்சு தாயி. மறுநாளு ஒரு முட்டை கிடையாது, ஒரு சத்தம் கிடையாது. மேல கறுப்பாத் தண்ணி தெளிஞ்சு, அடியில மாவு அப்படியே சாந்தமா உக்காந்திருச்சு. பக்கத்து வீட்டுப் பேச்சி, மாரியம்மன் கோயில் கூழு ஊத்துறதுக்குப் பாத்திரம் கேட்டு வந்தவ, எட்டிப் பாத்துட்டு ‘ஏண்டி பிரகாசி, இது செத்துப்போச்சுடி’ங்கிறா. ‘சாகல. மனந்திரும்பியிருக்கு’ன்னேன். ‘நாறுதுடி’ங்கிறா. அவளுக்கு என்ன தெரியும்? மூக்கைப் பிடிச்சுக்கிட்டே போயிட்டா.

விழாவுக்கு முந்தின நாளு மோரம்மா வர்றா. பாட்டில் பாக்க அழுக்காத்தான் இருந்துச்சு. அப்படியே குடுத்தா நம்ம வீட்டைப் பத்தி என்ன நினைப்பான்னு கழுவி வச்சேன். கழுவணும்னா உள்ள இருக்கிறதைக் கொஞ்சம் கொட்டித்தான ஆகணும்? கொஞ்சம்னா, முழுசாத்தான். பிறகு பேச்சி வீட்டுக் கூழுப் பானையில இருந்து நல்லாப் புளிச்ச கம்மந்தண்ணி ஒரு செம்பு வாங்கி, ஆட்டா மாவைப் போட்டுக் கரைச்சு வச்சேன். ஆடிக்கு ஆடி அந்தக் கூழை நானும் ரெண்டு செம்பு குடிப்பேன். அது வேற. அது சூட்டுக்கு. பேச்சி வீட்டுக் கூழுக்கு இருக்கிற வேகம் யாருக்கும் வராது, காலையில கரைச்சது சாயங்காலம் பொங்கி நிக்குது. மோரம்மா வந்து பாத்து, ‘அம்மா நல்லா இருக்கா’ன்னு பாட்டிலைக் கன்னத்துல வச்சுக்கிட்டா. நான் நல்லாத்தான் பாத்துக்கிட்டேன்னு சொன்னேன். பொய்யா அது?

மறுநாளு விடியக் காலையிலேயே பிசைஞ்சு, பலகையில மனுஷனைப் படுக்கப் போட்டா. உருவத்துக்குக் கூடை எதுக்கு, அது பாட்டுக்கு ஆணியில தொங்குச்சு. கை வச்சா, காலு வச்சா, ரோஸ்மேரி நட்டா. அடுப்புல விட்டோம். ஆத்தி, மாரியாத்தா கூழு வேலையக் காட்டுச்சு பாரு. எங்க உப்பணுமோ அங்க உப்புனான், எங்க உப்பக் கூடாதோ அங்க அதுக்கும் மேல உப்புனான். துடுப்பால வெளிய எடுத்துட்டு நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். ஒரு கொத்து ரோஸ்மேரிய எடுத்து மானத்தை மறைச்சு விட்டேன். அந்தக் கூட்டம் மறைச்சதை எடுத்துப்போட்டுட்டுக் கை தட்டுது. நல்ல விளைச்சலுக்கு அடையாளமாம். அந்தப் பெங்களூர்ப் பிள்ளை ஒருத்தி போட்டோ எடுத்து அவங்கம்மாவுக்கே அனுப்புறா.

பேரிக்கா மரத்தடியில சுத்தி நின்னாங்க. பாட்டுப் பாடுனாங்க. நானும் நின்னேன், ஓரமா. பாடல, வாயை மட்டும் அசைச்சேன். நம்ம அடுப்புல சுட்ட ரொட்டி, நாம நிக்காம யாரு நிக்கிறது? முதல் துண்டு மோரம்மாவுக்கு. பிச்சு வாயில போட்டா. எல்லாரும் அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. மென்னா. நிறுத்துனா. திரும்ப மென்னா. நான் அவளை நாலு வருஷமாப் பாக்கிறேன் தாயி, அப்படி ஒரு மூஞ்சிய நான் பாத்ததில்ல. திருவிழாக் கூட்டத்துல கைய விட்டுட்ட பிள்ளை நிக்கும்ல, அப்படி நின்னா.

எங்கிட்ட வந்தா. மெதுவாத்தான் கேட்டா. ‘அக்கா, எங்கம்மா எங்க?’

மத்தவங்க எல்லாம் ரொட்டி பிரமாதம்னு பிச்சுப் பிச்சுத் தின்னுக்கிட்டு இருக்காங்க. இவ மட்டும், அத்தனை பேருக்கு நடுவுல, என்னைத் திருட்டுக் குடுத்த வீட்டுக்காரி மாதிரி பாத்துக்கிட்டு நிக்கிறா. எனக்குக் கோவம் வந்துருச்சு. ‘எந்த அம்மா? சுடுகாட்டுக்குப் போனவ பாட்டில்ல எப்படிடி இருப்பா? மாவுக்குப் போயி மாரடிக்கிற’ன்னுட்டேன்.

உண்மையத்தான சொன்னேன்? அதுல என்ன தப்பு? செத்தவங்க வருவாங்களா? எங்க வீட்டுக்காரரு வந்தாரா? அவரு பிடிச்ச துடுப்பு அதே இடத்துல சாஞ்சு நிக்குது, அதை வேற யாரையும் தொட விடுறதில்லதான், ஆனா அது வேற. அதுக்காகத் துடுப்பை அவருங்கிறேனா?

எங்கிட்டப் படிச்ச கெட்ட வார்த்தை அத்தனை இருக்கே, அதுல ஒண்ணையாவது எடுத்து வீசியிருக்கலாம். எனக்கும் ஆறியிருக்கும். பாட்டிலை எடுத்தா, மூடியத் தொறந்து மோந்து பாத்தா, மரத்தடியிலயே கவுத்துட்டா. காலிப் பாட்டிலை மட்டும் துடைச்சு எங்கையில குடுத்துட்டு, ‘உங்க ஊர்க் கூழு நல்லா இருக்குக்கா’ன்னு சொல்லிட்டு வீட்டுக்குள்ள போயிட்டா. இந்தா, இந்தப் பாட்டிலுதான்.

அந்தச் சனிக்கிழமை வரல. அடுத்த சனிக்கிழமையும் வரல. வராட்டி போகட்டும்னு நானும் இருந்தேன். ஒரு கை மாவுக்காக நாலு வருஷப் பழக்கத்தை விடுறவ என்ன பெரிய இவ? பேச்சி வருவா, ஆனா பேச்சி வந்தா அவ பேசுவா, நாம பேச முடியாது. கடையில வேலை பாட்டுக்கு வேலை. மைதா மூட்டையில ஒருத்தி உக்காந்து அமுங்கிப்போன குழி மட்டும் அப்படியே இருந்துச்சு. மூட்டைய மாத்தி அடுக்குனேன். அப்பவும் அந்த இடத்தைத்தான் பாத்துப் பேசிக்கிட்டு இருந்திருக்கேன். ரஸ்க் வாங்க வந்த ஆளு ‘யாருகிட்ட பேசுறீங்க’ன்னு கேட்ட பிறகுதான் தெரிஞ்சுது.

அப்புறம்தான் அந்தக் கூடை கண்ணுல பட்டுச்சு. ஆணியில தொங்கிக்கிட்டு என்னையப் பாக்குது. கழுவலாம்னு எடுத்தேன். அவ சாமானை நான் ஏன் கழுவணும்னு திரும்ப மாட்டுனேன். ரெண்டு மூணு தடவை இப்படி. ஒருநாளு ஆத்திரம் தாங்காம, அடுப்புலயே போட்டு எரிச்சிருவோம்னு கொண்டு போனேன். அடுப்பு வாயிகிட்ட சூடு பட்டதும் அதுலேர்ந்து ஒரு வாசம் வந்துச்சு தாயி. புளிப்பும் இல்ல, இனிப்பும் இல்ல. சனிக்கிழமை வாசம். அங்கேயே உக்காந்துட்டேன். அன்னைக்கு ஒரு தட்டு பன்னு கருகிப்போச்சு.

நாலு வருஷ மாவு அந்தப் பிரம்பு இடுக்குல காஞ்சு கிடக்குல்ல? அவ அம்மா கரைச்ச மாவுதான அதுவும்? கூழு இதுல படவே இல்ல, உப்பும் படல. ஊசிய எடுத்து ஒவ்வொரு இடுக்கா நோண்டுனேன். ஒரு பிடி பொருக்கு தேறுச்சு. வெதுவெதுன்னு தண்ணியில ஊற வச்சு, மாவு போட்டு, அதே பாட்டில்ல, அதே அலமாரியில வச்சேன். பேச்சி பாத்துட்டு, செத்த மாட்டுக்குப் புல்லு காட்டுறியான்னா. போடின்னேன்.

அசையல. நானும் தினம் மாவு போடுறேன், கொஞ்சம் எடுத்துக் கொட்டுறேன், திரும்பப் போடுறேன், கல்லு மாதிரி கிடக்கு. அந்தோணியாரே, தொலைஞ்சுபோனதைக் கண்டுபிடிச்சுக் குடுக்கிறதுதான உமக்கு வேலை, சாவியும் மூக்குத்தியும் கண்டுபிடிச்சது போதும், இதைக் கண்டுபிடியும்னேன். அஞ்ஞானி மாவுக்குப் போயி அவருகிட்ட வேண்டுதலான்னு நீ கேப்ப. அது வேற... சரி, விடு.

ஒருநாளு காலையில பாத்தா, ஒரு முட்டை. ஒண்ணே ஒண்ணு. மாவுக்கு மேல வந்து, கொஞ்ச நேரம் நின்னு, டப்புன்னு உடைஞ்சுச்சு. பேச்சியக் கூப்பிட்டுக் காட்டலாம்னு ஓடுனேன். ஓடிட்டு, பாதியில திரும்பி வந்து அது பக்கத்துலயே நின்னுக்கிட்டேன். அழுதேன். எதுக்கு அழுதேன்னு கேக்காத.

அப்புறம் மளமளன்னு எந்திரிச்சுருச்சு. நேத்துக் காலையில மறுபடி மூடியத் தள்ளிட்டு வெளிய வந்து, அதே மாதிரி அந்தோணியார் காலைப் பிடிச்சிருக்கு. நான் உப்பைத் தொடல. ஈரத்துணி எடுத்து அவரு பாதத்தைத் துடைச்சு விட்டுட்டு, தேங்க்ஸ் சொல்றதுக்குத்தான் வந்திருக்கு, கோவிச்சுக்காதீரும்னு சொன்னேன். போன தடவையும் அது உதவி கேட்டுத்தான் அவருகிட்டப் போயிருக்குமோ என்னமோ. நமக்கு எப்படித் தெரியும்? மாவு வாயத் தொறந்து சொல்லுதா?

நேத்தே மேல தோட்டத்துக்கு எடுத்துக்கிட்டுப் போனேன். வீடு பூட்டிக் கிடக்கு. தோட்டக்காரன் சொல்றான், சாமானெல்லாம் கட்டிட்டா, இன்னைக்குக் கொடைரோட்ல வண்டி ஏறப் போறாளாம். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாத்தியா. சொல்ல வேணாமா? நாலு வருஷம்! அதைத்தான் கேக்கப் போறேன் அவகிட்ட. மன்னிப்பு அவதான் கேக்கணும்.

அப்பாடா, லாரி நகந்ததுல இருந்து பஸ்ஸு பறக்குது. காட்ரோடு தாண்டியாச்சா? வெக்கையப் பாரு, இப்பவே கசகசங்குது. ஏ தாயி, அது என்ன உங்காலுல, ஈரமா? ஐயோ. அந்தப் பைய எடு, எடு. மேல குளிருல அடங்கிக் கிடந்துச்சு, கீழ இறங்குனதும் முழிச்சுக்கிச்சு. மூடியத் தூக்கிருச்சு பாரு. உங்கிட்ட பேப்பர் இருக்கா? வேணாம், என் முந்தானையிலயே துடைக்கிறேன். மடியில வச்சுக்கிறேன். உன் செருப்புல கொஞ்சம் ஆயிருச்சு, காஞ்சா உதுந்துரும். கழுவாம வை, எதுக்கும். கழுவாததுதான் காப்பாத்துது.

இந்தா, இந்தப் பொட்டலத்துல ரொட்டி இருக்கு, தின்னு. இன்னைக்குக் காலையில இந்த மாவுல சுட்டது. மனுஷன் கினுஷன் இல்ல, சும்மா உருண்டைதான். கற்பூரவல்லி போட்டிருக்கேன். பாதிய அவளுக்கு வச்சிருக்கேன். சரியா இருக்கான்னு நான் முதல்ல ஒரு துண்டு பிச்சு வாயில போட்டேன். போட்ட பிறகு பாத்தா, என் கை பாட்டுக்குச் சிலுவை போட்டுக்கிட்டு இருக்கு. பழக்க தோஷம். ரொட்டியப் பிச்சா கை அங்கதான் போகுது.

நல்லா இருக்கா? இருக்கும். தோலு கடினம், ஓரமா மெல்லு.

என்ன கேட்ட? அப்ப இது நிஜமாவே அந்தம்மாதானான்னா? போ தாயி, படிச்ச பிள்ளை கேக்கிற கேள்வியா இது. மாவு. மாவும் தண்ணியும். அதுல போயி அம்மா எங்க இருந்து வருவா. நான் அன்னைக்குச் சொன்னதுதான் இன்னைக்கும். அவ அழுதுக்கிட்டே ஊரு போயிச் சேரக் கூடாதேன்னு கொண்டு போறேன், அவ்வளவுதான். உப்பு போட்ட கதைய மட்டும் நீ அவகிட்டச் சொல்லிராத. அது நானும் அந்தோணியாரும் பேசித் தீத்துக்கிட்டது.

வந்துருச்சா? எங்க? கண்ணு தெரியல, நீ பாத்துச் சொல்லு. டீக்கடை வாசல்ல, பெட்டி மேல? வெள்ளைத் தலையா? உக்காந்திருக்காளா, எந்திரிச்சுட்டாளா? வண்டிச் சத்தம் கேக்குதே. ஏப்பா கண்டக்டரு, நிப்பாட்டு, நிப்பாட்டுப்பா. வழி விடுங்க. இடிக்காதீங்கய்யா, பாட்டிலு, பாட்டிலு. தாயி, அந்த ஜன்னலைத் தள்ளு, இறங்குறதுக்குள்ள அவ போயிருவா.

ஏ மோரம்மா! இங்கடி, பஸ்ஸுல. நில்லுடி. உங்கம்மா வந்திருக்கா.